செவ்வாய்க் கணக்கு

செவ்வாய் காலை ஆறு மணி.
கிளப் திறக்க இன்னும் நான்கு மணி நேரம்.
ஸ்த்ராவ்கோ சாவிக்கொத்தோடு முன்னால்,
நான் பைகளோடு பின்னால்.
முப்பத்திரண்டு இயந்திரங்கள்.
ஒவ்வொன்றின் வயிற்றையும் திறந்து
தாள்களை உருவி, எண்ணி, கட்டி, எழுதி வைப்போம்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
நாங்கள் ஆற்றிலிருந்து எடுப்பவர்கள்.
அளந்துதான் எடுத்தோம்.
ஒரு டாலர் பிசகியதில்லை.

பதினோரு வருடப் பொருளாளர் நான்.
அதற்கு முன் பள்ளிப் பேருந்து ஓட்டினேன்.

நூறு டாலர் வரவில் அறுபத்தெட்டு இந்த அறையிலிருந்து.
மிச்சம் பியர், ஷ்னிட்செல், புதன்கிழமைப் புல்தரைப் பந்து,
வெள்ளி இரவு இறைச்சித்தட்டுக் குலுக்கல்
(அதுவும் ஒருவகையில் அதுதான், விடுங்கள்).
அந்த அறுபத்தெட்டில்தான்
ஒன்பது வயதுக்குட்பட்டோர் அணிக்குச் சட்டை,
டயாலிசிஸுக்குப் பக்கத்து ஊர் போய்வரும் வேன்.
ஊரே காய்ந்த வருடம்
எங்கள் புல் மட்டும் பச்சையாக நின்றது.
எங்கள் பெயரை முதுகில் சுமந்து பிள்ளைகள் ஓடியபோது
எழுந்து நின்று கைதட்டினேன்.
கண்கூடக் கலங்கியது.

பதினான்காம் எண் முன்னால் ஜனெல் டப்.
திங்கள் இரவுகளில் வருவாள்,
கோழித் தொழிற்சாலைச் சீருடையோடு.
ரப்பர் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு
சாமி அறைக்குள் நுழைவதுபோல் நுழைவாள்.

ஆகஸ்டில் ஒருநாள் அலுவலகக் கதவைத் தட்டினாள்.
பையனுக்குக் கால்பந்துக் காலணி வேண்டும்,
இளையோர் நிதியில் ஏதாவது இருக்குமா?
தொண்ணூறு டாலர். காசோலையில் கையெழுத்திட்டேன்.
இரண்டு தடவை நன்றி சொன்னாள்.
அன்றும் செவ்வாய்.
முந்தைய இரவின் தாள்கள்
ரப்பர் வளையம் மாட்டி மேசைமேல் கிடந்தன.
பதினான்கில் மட்டும் முந்நூற்று நாற்பது.
எல்லாமே அவளுடையதாக இருக்க முடியாது.
இருக்கலாம்.

பொதுக்கூட்டத்தில் நெரிடா ஹாஸ்கிங் எழுந்தாள்.
வருடத்துக்கு எட்டு இயந்திரம் குறைப்போம் என்றாள்.
‘யாரும் யாரையும் கையைப் பிடித்து இழுக்கவில்லையே’ என்றான்
ராஸ் பிட்ஜன். அது என் வசனம்.
அவனிடம் நான்தான் விட்டு வைத்திருந்தேன்.
‘அப்புறம் புல்லுக்குத் தண்ணீர் யார் ஊற்றுவது?’
இதற்கு அவளிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.
காலணிக் கதையை நான் சொல்லவில்லை.
பொருளாளன் சொல்லக்கூடாது.
நாற்பத்தொன்றுக்கு முப்பத்தெட்டு.
என் கை எப்போது மேலே போனதென்று
ஸ்த்ராவ்கோவைத்தான் கேட்க வேண்டும்.

எட்டையும் லாரி ஏற்றிச் சென்றது.
கம்பளத்தில் எட்டுச் செவ்வகங்கள்,
வெளுக்காத சிவப்பு, புதுசு போல.
வினாடி வினா இரவு வைத்தோம்: ஆறு பேர்,
அதில் இருவர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.
யுகுலேலே வகுப்பைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.
பிறகு பிசியோதெரபி செய்யும் பெண் ஒருத்தி
வியாழன்தோறும் அந்த மூலையை வாடகைக்கு எடுத்தாள்.
கூரையில் சூரியத் தகடுகள் போட்டோம், கடனுக்கு.
இரண்டாவது புல்தரையைக் காயவிட்டோம்.
வேன் வாரத்துக்கு நான்கு நாள் ஓடியது, இப்போது மூன்று.
அந்த நான்காவது நாளுக்குரிய மனிதர் காலின் வீட்.
கடையில் என்னைப் பார்த்தால்
பால் பெட்டிகளைப் படிக்கத் தொடங்குகிறார்.

ஜனெல் வருவதில்லை.
ஆற்றுக்கு அந்தப் பக்க ஹோட்டல் வாசலில்
அவள் காரைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார்.
அவள் காரையே விற்றுவிட்டாள் என்றார் இன்னொருவர்.

இன்று இருபத்துநான்கை எண்ணினோம்.
ஏழரைக்கு முடிவது ஏழுக்கே முடிந்தது.
மிச்ச அரைமணிக்கு என்ன செய்வதென்று தெரியாமல்
ஸ்த்ராவ்கோ பின்பக்கம் போனான்.
வண்டி நிறுத்தும் இடத்து எலுமிச்சை மரத்தடியில்
வேண்டியவர் பறித்துக்கொண்டு
விரும்பியதைப் போட யாரோ ஒரு டப்பா வைத்திருக்கிறார்கள்.
பதினொரு டாலர் அறுபது.
ஒரு பொத்தானும் இருந்தது.

எந்தத் தலைப்பில் எழுதுவது?
‘வாடகை’ இல்லை, ‘நன்கொடை’ இல்லை.
பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.
மறுபடி எண்ணிவிட்டேன், சரியாகத்தான் இருக்கிறது.